ரேகையும் ஆய்வுக்கூடமும்: பேரையூர் வட்டாரத்திலிருந்து அறிவியல் சமநீதி குறித்து

பேரையூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பலருக்கு நவீன அறிவியலோடு ஏற்பட்ட முதல் நெருக்கம் கட்டைவிரலில் தடவிய மைதான் என்றால் அதில் மிகை குறைவு. குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே இன்றும் 'ரேகைச் சட்டம்' என்றே சொல்கிறார்கள். பிறமலைக் கள்ளர் ஆண்கள் பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டியிருந்தது. வெளியூர் போனால் ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு தேவைப்பட்டது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டது. மாயக்காள் உட்படப் பலர் மாண்டார்கள். சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் நீங்கியது.

ரேகையியலுக்குள்ளேயே ஒரு சிறு கதை உண்டு. ரேகைகளை வகைபிரித்துத் தேடி எடுக்கும் கணக்கை வடிவமைத்ததில் வங்காளக் காவல்துறையின் அசீசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் இருவருக்கும் பெரும்பங்கு. முறைக்கு நிலைத்த பெயரோ அவர்களின் மேலதிகாரி எட்வர்டு ஹென்றியுடையது. அதே காலத்தில் சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், மனிதர்களின் மூக்கையும் மண்டையையும் அளந்து சாதிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தார். இனவியல் என்ற பெயரில் நடந்த அந்த அளவீடு இன்று அறிவியலாகவே மதிக்கப்படுவதில்லை. இனமும் சாதியும் ஒன்றல்ல என்பது தெரிந்ததே. ஆனால் அளப்பவர் ஒரு பக்கம், அளக்கப்படுபவர் மறுபக்கம் என்ற பிரிவினை இரண்டுக்கும் பொது. அளக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் கையில் கருவி எப்போது வருகிறது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணை இதற்கு ஒரு விடை சொன்னது: 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, அரிசனருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் கிறித்தவருக்கும் சேர்த்து 1, முஸ்லிமுக்கு 1. 1951இல் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. அந்த வழக்கைப் பேசும்போது நம் மேடைகளில் மனுதாரர் செண்பகம் துரைராஜன் பெயர் மட்டும் ஒலிக்கும். அவர் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை என்று அந்தத் தீர்ப்பே குறிக்கிறது. உண்மையில் விண்ணப்பித்திருந்தவர் பொறியியல் படிக்க விரும்பிய இன்னொரு மனுதாரர் சீனிவாசன். ஆக, முதல் அரசியல் சட்டத் திருத்தத்துக்கு வழிவகுத்த வழக்கே அறிவியல், தொழில்நுட்ப இடங்களைப் பற்றியது. பின்னாளில் நடந்தவையும் பெரும்பாலும் கல்லூரி வாசலிலேயே நடந்தன: 2007இல் தமிழகப் பொறியியல் நுழைவுத்தேர்வு ஒழிந்தது, அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு மருத்துவத்துக்கு 2020இல், பொறியியலுக்கு 2021இல் வந்தது. இவற்றை நான் குறைத்துப் பேசவில்லை. இவை இல்லாவிட்டால் டி.கல்லுப்பட்டி, எழுமலைப் பிள்ளைகள் பலர் கலந்தாய்வு அரங்கையே பார்த்திருக்க மாட்டார்கள்.

சிக்கல் வாசலைத் தாண்டி மேலே ஏறும்போதுதான் வருகிறது. 1959இல் தொடங்கிய சென்னை ஐஐடியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவருக்கான ஒதுக்கீடு வந்தது 1973இல். இரண்டே ஆண்டில், 1975இல், மைய அரசு ஓர் ஆணை போட்டது. 'அ' பிரிவின் கீழ்நிலைக்கு மேலுள்ள, ஆய்வு நடத்துகிற அல்லது ஆய்வை வழிநடத்துகிற அறிவியல், தொழில்நுட்பப் பணியிடங்களுக்கு ஒதுக்கீட்டிலிருந்து விலக்குத் தரலாம் என்றது அது. 1992இன் மண்டல் தீர்ப்பும் ஆராய்ச்சிப் பணிகள், பேராசிரியர் பதவிகள், மருத்துவ உயர்சிறப்புத் துறைகள் ஆகியவற்றில் ஒதுக்கீடு உகந்ததாக இராது என்று கருதியது. மைய அரசுக் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கை ஒதுக்கீட்டுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டமும் ஆசிரியர் நியமன ஒதுக்கீட்டுக்கான 2019ஆம் ஆண்டுச் சட்டமும் அட்டவணை போட்டுச் சில நிறுவனங்களை விலக்கிவைத்தன. தரமணியின் கணித அறிவியல் நிறுவனமும் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையமும் 2006 அட்டவணையில் உண்டு. கீழ்ப்படியில் ஒதுக்கீடு, மேல்படியில் தகுதி என்ற இந்தப் பங்கீட்டுக்கு, அறிவு ஏற ஏற சாதி உதிர்ந்துவிடும் என்ற நம்பிக்கை தவிர வேறு ஆதாரம் எனக்குப் புலப்படவில்லை. அஜந்தா சுப்பிரமணியன் சென்னை ஐஐடியை ஆராய்ந்து 2019இல் எழுதிய நூல், தகுதி என்ற சொல்லுக்குள்ளேயே சாதி குடியிருப்பதைக் காட்டுகிறது.

தகுதி எப்படி உருவாகிறது என்பதற்கு என் அனுபவமே போதும். நான் பிளஸ் டூ படித்த அரசுப் பள்ளியில் எட்டுப் பேருக்கு ஒரு பியூரெட். அதன் திருகு ஒழுகும். கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொள்வோம். செய்முறைத் தேர்வுக்கு என்ன உப்பு வரப்போகிறது என்பது முந்தின நாளே தெரிந்துவிட்டது. சோதனைக் குழாயை ஒப்புக்குச் சூடாக்கி, மனப்பாடம் செய்ததை எழுதினேன். முழு மதிப்பெண். கல்லூரி ஆய்வகத்தில் நகரத்துப் பையன்கள் பிப்பெட்டை விரலால் அடைத்து அளவுக்கோட்டில் நிறுத்தியபோதுதான், அந்த மதிப்பெண் எதை அளக்காமல் விட்டது என்று தெரிந்தது. சேர்க்கை என் மதிப்பெண்ணைப் பார்த்தது. ஆய்வு வாழ்க்கை பார்ப்பதோ விரலை.

ஒடுக்கப்பட்டவர் எல்லாரும் ஒரே படியில் நின்றவர்களும் அல்லர். ரேகைக் கொடுமை பட்ட ஊர்களிலேயே தலித் சேரி தனியே கிடந்தது. எழுமலைக்குப் பக்கத்து உத்தப்புரத்தில் தலித்துகளைப் பிரித்து 1989இல் எழுந்த சுவரின் மேல் 2008இல் மின்கம்பி ஓடியது செய்தியானது; அதே ஆண்டு மே மாதம் சுவரின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. ஊருக்கு மின்சாரம் வந்தால் சாதி போய்விடும் என்று நம்பியவர்களுக்கு அந்தக் கம்பியே பதில். ஆகவே பிற்பட்டோர் கணக்கு, பட்டியல் சாதிக் கணக்கு என்று தனித்தனியே, துறைவாரியாகவும் பதவிவாரியாகவும் ஒவ்வோர் ஆய்வு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

மற்றொரு கோரிக்கை இன்னும் எளிது. ஆசிரியர் நியமனத்துக்கான 2019 சட்டத்தின் 4ஆம் பிரிவில், விலக்குத் தருவதற்கு உயர்சிறப்பு நிறுவனங்களுக்கு ஓர் உட்கூறு, சிறுபான்மை நிறுவனங்களுக்கு ஓர் உட்கூறு. இரண்டாவதைத் தொடாமல் முதலாவதை எடுத்துவிட ஒரு வரித் திருத்தம் போதும்.