பொம்பரிப்புத் தாழிகளும் பல்கலைக்கழக நூதனசாலையின் கடமையும்

புத்தளத்துக்கு வடக்கே, கலா ஓயாவுக்கும் மோதரகம் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பிலே, கடற்கரையிலிருந்து சில கல் தொலைவில், பொம்பரிப்பு என்னும் இடம் உளது. பொன்பரப்பி என்னும் பெயரே மக்கள் நாவில் திரிந்து இவ்வாறு ஆயிற்று என்பர். வடமேற்கே குதிரைமலை முனை. தென்மேற்கே கற்பிட்டிக் குடாநாடு. 1938ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட வில்பத்துத் தேசிய வனத்தின் எல்லையுள் இன்று இப்பகுதியும் அடங்கும். யானையும் கரடியும் உலாவும் அக்காட்டு மண்ணின் கீழே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு மக்கட் கூட்டத்தினர் தம் இறந்தோரைத் தாழிகளில் இட்டுப் புதைத்த ஈமக்காடு கிடக்கின்றது. இலங்கையின் வரலாறு ஏடுகளில் எழுதப்படுமுன்னரே மண்ணில் எழுதப்பட்டுவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்றினை வடமேற்குக் கரையிலே காண்டல் அரிது.

தாழியிற் புதைக்கும் வழக்கம் தமிழ் கற்றோர்க்குப் புதிதன்று. தலைவனை இழந்த துயரால், தாழியைப் பெரிதாக வனையுமாறு குயவனை நோக்கிக் கூறும் பாடல்கள் புறநானூற்றில் உள்ளன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையும் பண்டைக்கால ஈமமுறைகளைத் தொகுத்துக் கூறுமிடத்துத் தாழியை மறவாது குறிப்பிடுகின்றது. ஆயினும் இலக்கியம் கூறும் தாழி வேறு, மண்ணிலிருந்து வெளிப்படும் தாழி வேறு. முன்னது துயரத்தைச் சொல்லும். பின்னது அத்துயரத்துக்கு உரியவர் யார், என்ன உண்டார், எத்தகைய கலத்தைக் கையாண்டார் என்பவற்றைச் சொல்ல வல்லது. ஆனால் அது தானே வாய்திறந்து பேசாது. குயத்தொழில் அறிந்தோனும், எலும்பினை அறிந்தோனும், மொழியினை அறிந்தோனும் ஒருங்கிருந்து வினவினாலன்றி விடை கிடைப்பதில்லை. அவ்வாறு பல துறையினரையும் ஒரு பொருளைச் சுற்றி இருத்துதலே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த நூதனசாலையின் தலையாய பணி. அப்பணி எவ்வாறு நிகழ்ந்தது, எங்குக் குறைபட்டது என்பதைப் பொம்பரிப்பின் கதை நன்கு காட்டும்.

பொம்பரிப்பில் முதன்முறையாக அகழ்ந்தாராய்ந்தவர், 1921இல் இலங்கைத் தொல்பொருட் பகுதியின் ஆணையாளராகப் பதவியேற்ற ஏ. எம். ஹோக்காட் ஆவார். ஆண்டு 1923-24. இவர் கல்வெட்டறிஞருமல்லர், கட்டடக்கலை வல்லுநருமல்லர், மானிடவியலாளர். 1908இல் றிவர்ஸ் என்னும் அறிஞருடன் சொலமன் தீவுகளுக்குச் சென்று ஆராய்ந்தவர்; பீஜித் தீவுகளில் ஆசிரியராகவும் இருந்தவர். அரசுரிமையும் சடங்கும் எவ்வாறு பிணைந்துள்ளன என்பதே அவர் வாழ்நாள் முழுவதும் தேடிய வினா. அத்தகையோர் ஒருவர் ஈமத்தாழியின் முன் நின்றமை ஒரு நற்பேறே. ஆனால் அவர்க்குத் துணையாக உடற்கூற்று வல்லுநரோ, இரசாயன அறிஞரோ அன்று இத்துறையில் இல்லை. அனுராதபுரத்துத் தூபிகளையும் சீகிரியாவையும் பேணுதலே தொல்பொருட் பகுதியின் பெருஞ்சுமையாக இருந்த காலம் அது. காட்டின் நடுவே உடைந்து கிடந்த பானைகள் எவர் கண்ணையும் எளிதிற் கவர்வன அல்ல.

கடலுக்கு அப்பால் இதே கதை இன்னும் விரிவாக நிகழ்ந்தது. திருநெல்வேலியைச் சார்ந்த தாமிரபரணிக் கரையில் உள்ள ஆதிச்சநல்லூரிலே, 114 ஏக்கர் பரந்த ஈமக்காட்டில், 1876இல் பேர்லினைச் சேர்ந்த யாகோர் என்பார் முதன்முதல் அகழ்ந்தார். அவர் எடுத்தவை பேர்லின் நகர நூதனசாலையைச் சென்றடைந்தன. 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் றீ அகழ்ந்து எடுத்த தாழிகளும், இரும்புக் கருவிகளும், வெண்கலப் பொருள்களும், பொன்னாலாய நெற்றிப்பட்டங்களும் சென்னை நூதனசாலையில் வைக்கப்பட்டன. ஆங்குக் கிடைத்த மண்டையோடுகளைப் பற்றிச் சக்கர்மன் எழுதிய ஆராய்ச்சி சென்னை நூதனசாலையின் வெளியீடாக வந்தது 1930இலே. றீயின் அகழ்வு முடிந்து கால் நூற்றாண்டு கழிந்துவிட்டது. பானையை ஆராய்ந்தவர் எலும்பைக் காணவில்லை. எலும்பை ஆராய்ந்தவர் அகழ்ந்த குழியைக் காணவில்லை. பொன்னைக் கண்டவர்களோ வேறொன்றையும் காண விரும்பவில்லை போலும்.

பொம்பரிப்புத் தாழிகளும் ஆதிச்சநல்லூர்த் தாழிகளும் ஒத்த மரபின என்பதை அறிஞர் பலரும் எடுத்துக் காட்டியுள்ளனர். தென்பாண்டிக் கரையும் புத்தளக் கரையும் மன்னார்க் குடாவின் இருமருங்கும் எதிரெதிரே அமைந்தவை. பண்டை இலங்கைக்கு வழங்கிய தம்பபண்ணி என்னும் பெயரும் ஆதிச்சநல்லூரை அணைத்தோடும் ஆற்றின் பெயரும் ஒன்றே என்பதும் ஈண்டு நினைவுகூரற்பாலது. இரு கரைகளிலும் காணப்படும் கலங்களுள் கறுப்பும் சிவப்புமான நிறமுடையவை சிறப்பானவை. கலத்தின் உட்புறமும் விளிம்பும் கறுத்து, வெளிப்புறம் சிவந்திருக்கும். இது வண்ணம் தீட்டியதால் அமைந்ததன்று. சூளையிலே கலத்தைக் கவிழ்த்து வைக்குங்கால் உள்ளே காற்றுப் புகாமையாற் கறுப்பும், வெளியே காற்றுப் படுதலாற் சிவப்பும் உண்டாகும் என்பர். இந்த ஒரு செய்தியை அறிதற்கே குயவனின் சூளையும் இரசாயன அறிஞனின் கூடமும் ஒருங்கே வேண்டியுள்ளன.

1956ஆம் ஆண்டளவிலே, தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராயிருந்த கலாநிதி பி. ஈ. பி. தெரணியகலவின் காலத்தில், பொம்பரிப்பு மீண்டும் அகழப்பட்டது. இவர் உயிரியல் வல்லுநர். பழங்கால விலங்குகளின் எச்சங்களையும் கற்கால மனிதரின் எச்சங்களையும் தேடித் திரிந்தவர். ஆகவே இம்முறை தாழியினுள் இருந்த மனித எலும்புகள் உரிய மதிப்பினைப் பெறலாயின. எனினும், பல துறையினர் முன்கூட்டியே கூடித் திட்டமிட்டுச் செய்த அகழ்வு என்று கூறத்தக்கது 1970இல் நிகழ்ந்ததே. அதில் இலங்கைத் தொல்பொருட் பகுதியோடு கைகோத்தது ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழக நூதனசாலை ஆகும்.

பல்கலைக்கழகம் ஒன்று நூதனசாலையைப் பேணுவது மேனாட்டிலே நெடுங்கால வழக்கு. ஒக்ஸ்போட்டின் அஷ்மோலியன் நூதனசாலை 1683இல் திறக்கப்பட்டது. பென்சில்வேனியா நூதனசாலை 1887இல் நிறுவப்பட்டது. வெளிநாடுகளுக்கு அகழ்வாளரை அனுப்புதலை அது தன் தொழிலாகவே கொண்டது. 1922 முதல் 1934 வரை லெனாட் வூலி தலைமையில் ஊர் என்னும் பழம்பெரு நகரை இலண்டன் நூதனசாலையோடு சேர்ந்து அகழ்ந்ததும் அதுவே. அவ்வகழ்வின் புகழ் பெரிது, குறையும் சிறிதன்று. கிடைத்த பொருள்கள் இலண்டனுக்கும், பிலடெல்பியாவுக்கும், பக்தாத்துக்குமாகப் பங்கிடப்பட்டன. ஒரே புதைகுழியிற் கிடந்தவை மூன்று கண்டங்களிலே வாழலாயின. அவற்றை மீண்டும் ஒன்றுசேர்த்து ஆராய்தற்குப் பிற்காலத்தார் பெரும்பாடுபட வேண்டியதாயிற்று.

அந்நூதனசாலையின் சார்பில் இலங்கைக்கு வந்தவர் கலாநிதி விமலா பெக்லி. யாழ்ப்பாணத்துக் கந்தரோடையிலே போல் ஈ. பீரிஸ் 1917 முதல் 1919 வரை வெளிக்கொணர்ந்த பழம்பொருள்களின் தொடர்ச்சியைத் தேடி, 1960களிலே இலங்கையின் வட பகுதியில் ஆராய்ந்தவர் அவர். அவ்வாராய்ச்சியின் சுருக்கம் நூதனசாலையின் சொந்த இதழில் 1967இல் வெளிவந்தது. பின்னாளிற் புதுச்சேரிக்கு அணித்தான அரிக்கமேட்டினை 1989 முதல் 1992 வரை மீண்டும் அகழ்ந்து, உரோம வணிகம் பற்றிய பழைய கருத்துக்களைத் திருத்தியவரும் அவரே. பொம்பரிப்பில் வெளிப்பட்ட மனித எச்சங்களை ஆராய்ந்தோர் இருவர்: கோர்ணெல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உடல்சார் மானிடவியலாளர் கென்னத் கென்னடியும், பல்லாராய்ச்சியில் வல்லவரான ஜோன் லூக்காக்ஸும்.

இங்கே எலும்பாராய்ச்சி எளிதான செயலன்று என்பதை உணர்தல் வேண்டும். தாழிகளுள் இருந்தவை முழு உடல்கள் அல்ல. உடல் வேறோரிடத்திற் சிதைந்தபின் எலும்புகளைத் தெரிந்தெடுத்துத் தாழியில் இடுதலே வழக்காயிருந்தது. ஒரே தாழியில் ஒருவருக்கு மேற்பட்டோரின் எலும்புத் துண்டுகளும் கலந்து கிடந்தன. எத்தனை பேர், எவ்வயதினர், ஆணா பெண்ணா என்பவற்றைத் துண்டுகளைக் கொண்டே துணிதல் வேண்டும். பல்லே இதற்கு உற்ற துணை. அது மண்ணில் எளிதில் அழியாது. பல்லின் தேய்வு உண்ட உணவின் தன்மையைக் காட்டும். அதன் மேற்பூச்சில் விழும் வரிகள் குழந்தைப் பருவத்தில் வந்த நோயையும் பசியையும் காட்டும். தாழியின் வடிவத்தை மட்டும் நோக்குவோர்க்கு அந்தப் பசி புலப்படாது.

இவ்வகழ்வின் அறிக்கையும் எலும்பாராய்ச்சியும் தொல்பொருட் பகுதியின் ‘பண்டைய இலங்கை’ என்னும் பொருள்படும் ஆங்கில வெளியீட்டின் நான்காம் இதழில், 1981இல், அடுத்தடுத்து அச்சேறின. குழியைத் தோண்டியவரின் வரைபடமும் பல்லை அளந்தவரின் அட்டவணையும் ஒரே அட்டைக்குள் அமைந்தமை முக்கியமானது. பதினோராண்டு காத்திருத்தல் நீண்டதே; ஆயினும் ஆதிச்சநல்லூரில் நேர்ந்தது போல ஒன்றையொன்று அறியாத இரு நூல்களாக அவை பிரியவில்லை. அறிக்கை இந்நாட்டு வெளியீடாகவே வந்தமையும் பாராட்டத்தக்கது. இந்நாட்டு மாணவன் கைக்கெட்டாத வெளியீட்டிலே இந்நாட்டு மண்ணின் வரலாறு அடைபட்டுக் கிடப்பது முறையாகாது.

இனி, இத்தாழிகள் யாருடையவை என்னும் வினா. நாட்டின் பிற்கால அரசியலின் வெப்பம் இவ்வினாவின் மீது மிகவும் படிந்துவிட்டது. பேராசிரியர் செனரத் பரணவிதான, 1967இல் வெளிவந்த தமது ‘சிங்களயோ’ என்னும் நூலில், தென்னிந்தியத் தாழிக்காடுகளுக்கு உரியோர் திராவிட மொழி பேசியோரே என்னும் அறிஞர் கருத்தைக் குறிப்பிட்டார். ஆயினும் இத்தீவின் நாகரிக வரலாற்றில் அம்மக்களுக்கு அவர் பெரிதும் இடமளித்தாரல்லர். பேராசிரியர் சி. க. சிற்றம்பலம், 1980இல் பூனாப் பல்கலைக்கழகத்தில் முடித்த தமது கலாநிதிப்பட்ட ஆராய்ச்சியிலே, இலங்கைப் பெருங்கற்காலப் பண்பாட்டைத் தென்னிந்தியப் பின்னணியில் வைத்து விரிவாக ஆராய்ந்து, அது தீவின் நாகரிகத்துக்கே அடித்தளம் என்று நிறுவினார். பேராசிரியர் சுதர்சன் செனவிரத்ன 1984இல் அதே பொருளை உற்பத்தி, குடியேற்றம், தலைமை என்னும் கோணங்களிலிருந்து நோக்கினார். பேராசிரியர் கா. இந்திரபாலா 2005இல் வெளியிட்ட நூலிலோ, சிங்களவர் தமிழர் இரு சாராரின் முன்னோர்க்கும் இப்பண்பாடு பொதுவானது என்னும் முடிவு வலியுறுத்தப்படுகின்றது. அவர் தம் இளமைக்கால ஆராய்ச்சியின் முடிபுகள் சிலவற்றைத் தாமே மாற்றிக்கொண்டவர் என்பதும் அறியத்தக்கது. சான்று மாறும்போது கருத்தை மாற்றுதல் அறிஞர்க்கு இழுக்கன்று.

இவ்வறிஞர்களுள் ஒருவரும் தாழி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு பேசவில்லை; கல்வெட்டும், இடப்பெயரும், குளத்தின் அமைப்பும், எலும்பும் சேர்த்தே நோக்கினர். நூதனசாலையிலே கண்ணாடிப் பேழையின் கீழ் எழுதப்படும் விளக்கச்சீட்டு இதனை எவ்வாறு ஏற்கும்? இரண்டு வரியில் ஓரினத்தின் பெயரை எழுதி ஒட்டிவிடுதல் எளிது. எலும்புக்கு மொழி இல்லை. அதனைக் கென்னடி போன்றோர் தம் எழுத்துக்களில் பலகாலும் எச்சரித்துள்ளனர். பானைக்கும் மொழி இல்லை, அதன்மேல் யாரேனும் எழுத்துப் பொறித்தாலன்றி.

எழுத்துப் பொறித்த பொருள் ஒன்று கிடைத்த கதையும் உண்டு. 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் பேராசிரியர் இந்திரபாலாவின் தலைமையில் ஆனைக்கோட்டையில் அகழ்ந்தபோது, நீட்டிக் கிடத்திப் புதைக்கப்பட்ட மனித எலும்புக்கூட்டின் தலைமாட்டிலே வெண்கல முத்திரை ஒன்று அகப்பட்டது. அதன் மேல்வரியிற் குறியீடுகள்; கீழ்வரியிற் பிராமி எழுத்துக்கள். தலைமை குறிக்கும் ‘கோ’ என்னும் சொல்லை அவ்வெழுத்துக்களிற் கண்டனர். அம்முத்திரை ஒரு பழம்பொருள் வியாபாரியின் பெட்டியில் கிடைத்திருந்தால் எழுத்தாராய்ச்சியோடு கதை முடிந்திருக்கும். புதைக்கப்பட்ட ஒருவரின் தலைமாட்டில், கறுப்பும் சிவப்புமான கலங்களோடு கிடைத்தமையால் அது ஒரு குடித்தலைவனின் உடைமை எனத் துணிய இடமாயிற்று. பொருளின் பெறுமதி அது கிடந்த இடத்தோடு பிணைந்தது. ஆகவே பொருளோடு அதன் குழியின் வரைபடத்தையும், அளவையும், நிழற்படத்தையும், அகழ்ந்தோரின் நாட்குறிப்பையும் சேர்த்துப் பேணாத நூதனசாலை பாதியைத்தான் பேணுகின்றது.

பல துறைகளையும் ஒருவரே தம்முள் அடக்கிய காலமும் இருந்தது. 1807இல் கற்பிட்டியிற் பிறந்து, பின்னாளிற் சிலாபத்தில் நீதிபதியாயிருந்த சைமன் காசிச்செட்டி, 1834இல் இலங்கையின் ஊர்ப்பெயர்க் களஞ்சியத்தையும், 1859இல் தமிழ்ப் புலவர் வரலாற்றையும் ஆங்கிலத்தில் எழுதினார். ஆனந்தக் குமாரசுவாமியோ இலங்கையின் கனிப்பொருள் அளவையிற் பணிபுரிந்து, 1908இல் மத்தியகாலச் சிங்களக் கலையைப் பற்றி எழுதி, 1917 முதல் பொஸ்ரன் நூதனசாலையில் இந்தியக் கலைப்பகுதியைப் பேணியவர். கல்லின் இயல்பறிந்த கண்ணே அவருக்குச் சிற்பத்தின் இயல்பையும் காட்டிற்று. அத்தகையோர் அடிக்கடி தோன்றுவதில்லை. ஆகவேதான் ஒருவர் செய்ததைப் பலர் கூடிச் செய்தற்குரிய மனையாகப் பல்கலைக்கழக நூதனசாலை அமைதல் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மாணவர் பயிற்சிக்கென அமைந்த தொல்பொருட் சேகரிப்புக்கள் இத்துறையில் உள்ளன.

ஆதிச்சநல்லூரில் 2023ஆம் ஆண்டு முதல், அகழ்ந்த குழிகளையே கண்ணாடித் தளத்தால் மூடி, தாழிகளைக் கிடந்த இடத்திலேயே மக்கள் காணும் வகை செய்யப்பட்டுள்ளது. பொம்பரிப்பிலே அத்தகைய ஏற்பாட்டினைச் செய்தல், அது வனவிலங்குகளின் உறைவிடமாதலின், எளிதன்று. ஆனால் இரு கரைகளிலிருந்தும் எடுக்கப்பட்டுப் பேர்லினிலும், சென்னையிலும், இலங்கையிலும் பிரிந்து கிடப்பவற்றுக்குப் பொதுவான ஓர் அட்டவணையை ஆக்குதல், காட்டில் ஒரு மரத்தையும் வெட்டாமல், ஒரு குழியையும் தோண்டாமல் செய்யத்தக்க வேலை. பொம்பரிப்பின் பெரும்பகுதி இன்னும் அகழப்படாது மண்ணினுள்ளேயே இருக்கின்றது.