பெர்ன் உடன்படிக்கையும் சிவகாசித் தீப்பெட்டியும்

ஓர் அரசு வாக்களித்த நாளுக்கும் அவ்வாக்கு ஒரு சிற்றூரின் வாயிலை எட்டிய நாளுக்கும் இடையே கிடக்கும் தூரத்தை அளக்க விரும்புவோர்க்குச் சிவகாசி வட்டாரம் தக்க களமாகும். ஆயின் எம். புதுப்பட்டி போன்ற ஊர்களின் வரலாற்றை ஐரோப்பாவிலிருந்தே தொடங்க வேண்டியுள்ளது. நம் தொழிற்சட்டங்களின் வாக்குறுதிகளோடு அவற்றின் விதிவிலக்குகளும் அங்கிருந்தே வந்தன.

1890-இல் பெர்லினில் கூடிய தொழிலாளர் மாநாடு, 12 வயது நிரம்பாத சிறாரை ஆலைகளில் அமர்த்தலாகாது எனத் தீர்மானித்தது. தென்னாட்டினர்க்கு 10 வயது போதும் என்று சலுகையும் அளித்தது. அத்தீர்மானம் எவ்வரசையும் கட்டுப்படுத்தவில்லை. 1906-இல் பெர்ன் நகரில் கூடியோர் வேறு வழி கண்டனர். தீக்குச்சித் தொழிலாளரின் தாடை எலும்பை அரித்த வெண்பாஸ்பரத்தை உடன்படிக்கையின் மூலமே விலக்கினர். இந்தியாவிலும் 1913-ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வகைத் தீக்குச்சிகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகிய மூன்றையும் தடுத்தது. 1920-களில் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் வேரூன்றியபோது தடை நடைமுறைக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. இதனை அரசுகளின் கருணைக்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். நான் அவ்வாறு கருதவில்லை. நஞ்சுக்கு மாற்றுப்பொருள் கிடைத்திருந்தது. சரக்கைத் துறைமுகத்திலும் கடையிலும் பிடித்துவிடவும் இயலும்.

சிறுவனின் கையை எந்தத் துறைமுகத்தில் சோதிப்பது?

1919-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு, தொழிலகங்களில் சேர 14 வயது வேண்டும் என விதித்தது. அதே உடன்படிக்கையில் இரு விலக்குகள் உள்ளன. ஒரே குடும்பத்தினர் மட்டும் பணிபுரியும் தொழிலகங்களுக்கு விதி பொருந்தாது. இந்தியாவுக்கும் பொருந்தாது, இங்கே 12 வயது போதும், அதுவும் இயந்திர விசையால் இயங்கிப் பத்துப் பேருக்கு மேல் பணிபுரியும் ஆலைகள், சுரங்கங்கள், இரயில்வே ஆகியவற்றுக்கு மட்டுமே. கையாலேயே குச்சி அடுக்கிப் பெட்டி ஒட்டிய தீப்பெட்டி ஆபீஸ்களை அவ்விதி தொடவேயில்லை.

பின்வந்த சட்டங்கள் பல. பெற்றோர் முன்பணம் பெற்றுப் பிள்ளையின் உழைப்பை அடகு வைப்பது செல்லாது என 1933-ஆம் ஆண்டுச் சட்டம் கூறிற்று. 1938-ஆம் ஆண்டுச் சட்டம் தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றின் பெயரைச் சொல்லியே சிறாரை விலக்கியது. ஆனால் குடும்பத்தார் துணையோடு நடக்கும் பட்டறைக்கு அதிலும் விலக்குண்டு. 1950-இல் அரசியலமைப்பின் 24-ஆம் பிரிவு 14 வயதுக்குட்பட்டோரை ஆலைப்பணியினின்று முற்றாக விலக்கிற்று. 45-ஆம் பிரிவு பத்தாண்டுகளுக்குள் கட்டாயக் கல்வி தர முயல்வதாகக் கூறிற்று. 1986-ஆம் ஆண்டுச் சட்டமோ குடும்ப விலக்கை மீண்டும் சேர்த்துக்கொண்டது. அரை நூற்றாண்டாக அவ்வாசகம் ஏறத்தாழ மாறாமல் நின்றது வியப்பன்று. பிள்ளைகளின் வேலையை வீட்டுத் திண்ணைக்கு மாற்றுவோர்க்கு அது பயன்பட்டது.

சிவகாசிச் சிறார் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-இல், உற்பத்தி நடக்கும் இடத்துக்கு அப்பால் பெட்டியிடும் வேலையைச் சிறார் செய்யலாம் என்றது. 1996 டிசம்பரில் அது மேலும் கடுமையாகப் பேசியது: விதி மீறி அமர்த்தப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் செலுத்த வேண்டும்; அரசு அக்குடும்பத்தில் ஒருவருக்கு வேலை தேட வேண்டும், இயலாவிடில் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும். வறுமையை நிதிக்கணக்கில் சேர்த்த முதல் ஆணைகளுள் இஃது ஒன்று என்பேன்.

பள்ளிகளாலும் மதிய உணவாலும் இயந்திரங்களாலும் ஆலைகளில் சிறார் இன்று பெரிதும் அருகியுள்ளனர். இம்மாற்றத்தை மறுப்பது நேர்மையாகாது. 2016-ஆம் ஆண்டுத் திருத்தம் குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் தவிர உதவலாம் என்று விட்டாலும், ஆபத்தான தொழில்களை அவ்விலக்கினின்று நீக்கியது. குறைந்தபட்ச வயது பற்றிய சர்வதேச உடன்படிக்கையை இந்தியா 2017-இல் ஏற்றது. வாஷிங்டன் மாநாட்டிலிருந்து 98 ஆண்டுகள்.

வயது வந்தோரின் பாதுகாப்பிலோ பழைய தூரம் குறையவில்லை. 2023 அக்டோபர் 17-இல் எம். புதுப்பட்டி அருகே இரெங்கபாளையத்தில் நேர்ந்த பட்டாசு விபத்தில் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர், பெண்கள் பலர். இவ்வட்டாரத்தில் உரிமமின்றி வீடுகளில் பட்டாசு செய்வோர்மீது வழக்குகளும் பதிவாகின்றன. ஆய்வாளர் கையொப்பமிடும் ஆலைப் பதிவேடுகளில் அவ்வீடுகள் இல்லை.