கல்லின் காலம் கண்ட புதுவைப் பேராசிரியர்

விமானத்தைத் தூலலிங்கமெனக் கண்டு கைகூப்புதல் சைவ மரபு. அங்ஙனம் வழிபடும் நாம், அவ்விமானம் எக்காலத்தது, எடுப்பித்த அரசன் யாவன் என்று வினவுதல் மிக அரிது. எல்லாம் அநாதி என்று கூறி அமைந்துவிடுவோம். அவ்வாறு அமையாது, தூணையும் போதிகையையும் ஊன்றி நோக்கிக் கல்லுக்குக் காலம் கண்டவர் ஒருவர் நம் புதுவை நகரில் வாழ்ந்திருந்தார். அவர் பிரெஞ்சு நாட்டினராகிய கபிரியேல் ழுவோ துப்ரேய் (1885–1945) என்னும் பேராசிரியர்.

புதுவை வேதபுரீசுவரர் ஆலயம், துய்ப்பிளேக்சு ஆளுநராயிருந்த 1748-ஆம் ஆண்டில் இடிக்கப்பட்ட செய்தியை ஆனந்தரங்கப் பிள்ளையவர்களின் நாட்குறிப்பு கூறும். அவ்வாட்சியில் ஓர் ஆலயம் அழிந்த ஊரிலேயே, அந்நாட்டினர் ஒருவர் பின்னாளில் நம் ஆலயங்களின் தொன்மையை உலகறியச் செய்தார் என்பது சிந்திக்கத்தக்கது.

புதுவையில் பிரெஞ்சு அரசினர் கல்லூரியில் ஆசிரியராயிருந்த இவர், தென்னாட்டுத் தொல்பொருள் பற்றிய தம் நூலை 1914-ஆம் ஆண்டில் பாரீசு நகரில் இரு தொகுதிகளாக வெளியிட்டார். ஒன்று கட்டடத்தைப் பற்றியது. மற்றொன்று மூர்த்தங்களைப் பற்றியது. கல்வெட்டுள்ள கோயிலுக்கு அக்கல்வெட்டே சான்று. கல்வெட்டில்லாத கோயிலின் காலத்தை அறிவது எங்ஙனம்? இவர் கண்ட வழி எளியது. காலம் தெரிந்த கோயில்களை வரிசைப்படுத்தி, அவற்றின் ஓர் உறுப்பு எவ்வாறு மாறிவந்தது என்று நோக்கினார்; அவ்வுறுப்புக்களின் பெயரைக் கல்தச்சரிடமே கேட்டறிந்தார்.

போதிகை என்பது தூணின்மேல் உத்திரத்தைத் தாங்கும் உறுப்பு. பல்லவர் காலத்தில் அதன் அடிப்புறம் வளைந்து, அலைபோன்ற வரிகளுடன் அமையும். சோழர் காலத்தில் சாய்வாக வெட்டுண்டு, நடுவே ஒரு துண்டம் முன்னே நீளும். விசயநகரத்தார் காலத்தில் பூமுனை தோன்றி, பின்னர் வாழைப்பூப்போல் கீழ்நோக்கித் தொங்கும். கூடு என்னும் உறுப்பின் உச்சியும் பல்லவர் பணியில் மண்வாரி வடிவாகவும், சோழர் பணியில் சிங்கமுகமாகவும் காணப்படும். புகை கண்டு தீயுண்மை தேறும் அநுமான அளவையைப் பயின்ற சித்தாந்திகளுக்கு இம்முறை புதிதன்று. அதனைக் கல்லின்பாற் செலுத்தியதே புதிது.

அப்பரடிகளைத் துன்புறுத்திய பல்லவன் பின்னர்ச் சைவனாகித் திருவதிகையில் குணபரவீச்சுரம் எடுத்தான் என்பர் சேக்கிழார் பெருமான். குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனின் பெயர் என்பதும், அவன் புறநெறியினின்றும் மீண்டான் என்பதும் சிராப்பள்ளிக் குகைக் கல்வெட்டால் முன்னரே அறியப்பட்டன. துப்ரேய் 1916-இல் வெளியிட்ட பல்லவர் தொல்பொருள் பற்றிய நூலில், தளவானூர், மண்டகப்பட்டு முதலிய குகைகளை ஆராய்ந்து, மேலும் கீழும் சதுரமாய் நடுவே எண்பட்டையாய் நிற்கும் தூணமைப்பினால் அம்மன்னன் பணிகளை ஒருங்கு தொகுத்துக் காட்டினார். நாவரசர் வாழ்ந்த காலத்தின் கல்லை நாம் இன்று தொட்டறிய இயல்வது இத்தகைய ஆராய்ச்சியால் என்க.

அவர் முடிபுகள் யாவும் நிலைபெற்றன என்று கூறுதல் பொருந்தாது. சித்தன்னவாசல் ஓவியங்களை அவர் மகேந்திரன் பணி எனக் கருதினார். பின்னர்க் கிடைத்த பாண்டியர் காலத்துக் கல்வெட்டால் அக்கருத்து மாறியது. ஆயினும் அரிக்கமேட்டில் 1937-ஆம் ஆண்டளவில் கிடைத்த மணிகளையும் செதுக்கிய கற்களையும் கண்டு, அது யவனர் வாணிகத்தோடு தொடர்புடைய பழந்துறை என்று அவர் கொண்டது பிழையாகவில்லை. 1945-இல் வீலர் துரை அகழ்ந்து உரோம நாட்டுத் தொடர்பை நிறுவினார். அவ்வாண்டிலேயே துப்ரேய் காலமானார்.

இவற்றுள் சைவர் மறக்கலாகாதது காஞ்சிக் கயிலாசநாதர் கோயிற் செய்தி. 1931-ஆம் ஆண்டில் அங்குள்ள சிற்றாலயங்களின் சுவரில், பிற்காலத்துப் பூச்சின்கீழ் மறைந்துகிடந்த பல்லவர் ஓவியங்களை அவர் கண்டறிந்தார். சோமாஸ்கந்த மூர்த்தியின் திருவுருவும் அவற்றுள் ஒன்று. சுண்ணம் பூசியவர் பகைவர் அல்லர். கோயிலைப் புதுக்க வேண்டும் என்ற அன்புடையவரே.

ஈண்டு என் குற்றம் ஒன்றையும் கூறுதல் வேண்டும். பல்லாண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்ச் சிவாலயத் திருப்பணிக் குழுவில் அடியேனும் ஒருவன். பழைய முன்மண்டபம் பிரிக்கப்பட்டபோது, அதன் போதிகைகள் அலைவரியுடன் இருந்தமையை என் கண் கண்டது, நாவோ வாளாவிருந்தது. நன்கொடையாளர் மனம் நோகுமே என்றெண்ணினேன். சில திங்கள் கழித்துச் சென்றபோது, அவற்றுள் ஒன்று குளக்கரையில் துணி துவைக்கும் கல்லாகக் கிடந்தது. ஏனையவை சென்ற இடம் தெரியவில்லை. இன்று அக்கோயிலின் பழமையைக் கேட்பார்க்கு என் சொல்லன்றி வேறு சான்றில்லை.

ஆதலின் திருப்பணி செய்வார் கல்லைப் பெயர்க்குமுன் நிழற்படம் எடுத்தல், கல்வெட்டைப் படியெடுத்தல், ஒவ்வொரு கல்லுக்கும் எண்ணிட்டு அது இருந்த இடத்தைக் குறித்தல், பழஞ்சுவரைச் சுரண்டாமலும் மணல் வீசித் தேய்க்காமலும் காத்தல் ஆகிய இவற்றையும் திருப்பணியின் அங்கமாகவே கொள்ளல் வேண்டும். குடமுழுக்கு நாள் நெருங்கிற்று என்னும் விரைவு இதற்கு விடையாகாது.

பூசலார் நாயனார் நெஞ்சில் எடுத்த கோயிலுக்கு அழிவில்லை. காடவர்கோன் கச்சியில் எடுத்த கற்றளிக்கோ காவல் வேண்டும். இறைவன் இரண்டிலும் எழுந்தருளினான். முன்னதை அன்பால் எடுப்போம். பின்னதை அன்போடு அறிவும் கொண்டு காப்போம். இதனைப் புதுவையில் வாழ்ந்த அயல்நாட்டு ஆசிரியர் ஒருவரிடம் கற்பதில் நமக்கு இழுக்கொன்றும் இல்லை.

திருச்சிற்றம்பலம்