அச்சத் தணிவும் மூளைத் தூண்டலும்: போர் அதிர்ச்சிக்கான கூட்டுச் சிகிச்சை பற்றிய ஒரு மதிப்பீடு

அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு, அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலில் 1980இல் இடம்பெற்றது. நடந்து முடிந்த ஒன்று, முடிந்துபோனதாக உடலுக்குப் பதியாமல் இருப்பதே இந்நோயின் மையத் துன்பம். இதற்கான உளவழி மருத்துவங்களில் வலுவான சான்று பெற்றவற்றுள் ஒன்று, எட்னா ஃபோவா வகுத்த நீடித்த எதிர்கொள் சிகிச்சை. நோயாளி கண்களை மூடி, அதிர்ச்சி தந்த நிகழ்வை இப்போது நடப்பதுபோலத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். அதன் ஒலிப்பதிவை வீட்டில் கேட்கிறார். ஒதுக்கி வந்த இடங்களுக்குப் படிப்படியாகச் செல்கிறார். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ 90 நிமிடம். தாங்குவதற்கு எளிதல்ல. 916 முன்னாள் படைவீரர்களைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான அமெரிக்க ஆய்வில், இச்சிகிச்சைப் பிரிவில் 55.8 விழுக்காட்டினர் இடையிலேயே விலகினர். குறைந்த அமர்வுகளில் அதே பயனைப் பெற வழியுண்டா என்ற கேள்வியே மூளைத் தூண்டலை இதனோடு இணைக்கத் தூண்டியது.

இந்த இணைப்பின் அடிப்படை, அச்சத் தணிவு என்னும் கற்றல். பாவ்லோவ் காலத்திலிருந்தே அறியப்பட்ட செய்தி இது: ஒலியோடு அதிர்வலியைச் சேர்த்துப் பெற்ற விலங்கு ஒலிக்கு அஞ்சும், பிறகு ஒலியை மட்டும் பலமுறை கேட்கச் செய்தால் அச்சம் தணியும். ஆனால் பழைய நினைவு அழிவதில்லை. அதன்மீது பாதுகாப்பு பற்றிய புதிய நினைவு ஒன்று படிகிறது, அவ்வளவே. நாள் கடந்தாலோ இடம் மாறினாலோ பழையது மீளலாம். மருத்துவரின் அறையில் அமைதி கண்டவர் சந்தையின் இரைச்சலில் மீண்டும் நடுங்குவது இதனால்தான்.

புதிய நினைவுக்கு மூளையில் இடம் எது? பியூர்ட்டோ ரிக்கோவில் முகமது மிலாதும் கிரெகரி குவிர்க்கும் எலிகளில் செய்த ஆய்வு 2002இல் இதற்கு விடை தந்தது. நெற்றிப் புறணியின் உட்பகுதியிலுள்ள சில நரம்பணுக்கள், தணிவைக் கற்றபோது அல்ல, மறுநாள் அதை நினைவுகூர்ந்தபோதே ஒலிக்கு எதிர்வினை காட்டின. தணிவைக் கற்காத எலிகளில், ஒலியோடு சேர்த்து அப்பகுதியை மின்னால் தூண்டியபோது அவற்றின் அச்சமும் குறைந்தது. 2004இல் இக்குழு மேலும் நுட்பமான ஒன்றைக் காட்டியது: ஒலி தொடங்கிப் பத்தில் ஒரு நொடி கழிந்ததும் தந்த தூண்டல் பயன்பட்டது, ஒரு நொடி முன்னரோ பின்னரோ தந்தது பயன்படவில்லை. பின்வந்த மனித ஆய்வுகளைப் படிக்கும்போது இந்தக் கண்டுபிடிப்பை மறக்கலாகாது.

மனிதர்களிடம் இரு முறைகள் பெரிதும் பயன்படுகின்றன. காந்தத் தூண்டலில், தலைமேல் வைக்கும் கம்பிச் சுருள் எழுப்பும் காந்தப் புலம் நரம்பணுக்களை நேரடியாகக் கிளர்த்துகிறது. நேர்மின்னோட்ட முறை மென்மையானது. நெற்றியில் வைத்த மின்முனை வழியே செல்லும் சிற்றளவு மின்சாரம் எந்த அணுவையும் தானாக இயக்காது. ஏற்கெனவே இயங்கும் அணுக்களின் முனைப்பைச் சற்றே உயர்த்தும். எனவே இம்முறையில் வேலையைத் தொடங்கிவைப்பது சிகிச்சைதான். மின்சாரம் அதற்குத் துணை.

இஸ்ரேலில் 30 நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு நம்பிக்கையூட்டியது. அதிர்ச்சி நினைவைச் சுருக்கமாகக் கேட்கச் செய்து, உடனே நெற்றிப் புறணியின் உட்பகுதிக்கு ஆழ்நிலைக் காந்தத் தூண்டல் தரப்பட்ட குழு தேறியது. இனிய நினைவைக் கேட்டுத் தூண்டல் பெற்றவர்களும், அதிர்ச்சி நினைவைக் கேட்டுப் போலித் தூண்டல் பெற்றவர்களும் அவ்வாறு தேறவில்லை. ஆனால் 125 பேரைக் கொண்டு பல மையங்களில் நடந்து 2021இல் வெளியான பெரிய சோதனையில் முடிவு தலைகீழானது. உண்மைத் தூண்டல் பெற்ற குழு, போலித் தூண்டல் பெற்ற குழு இரண்டும் முன்னேறின. போலித் தூண்டல் பெற்ற குழுவே கூடுதலாக முன்னேறியது. இதை வெறும் தோல்வியாக ஒதுக்குவது பிழை. அச்சம் கிளர்ந்து, தணிவு உருவாகத் தொடங்கும் கட்டத்தில் வலிந்து தரும் தூண்டல் அந்தக் கற்றலையே குலைத்திருக்கக்கூடும். தூண்டலின் நேரம் முக்கியம் என்பதை எலி ஆய்வு முன்பே சுட்டியிருந்தது.

காலப்பொருத்தம் ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. 103 போர்வீரர்களிடம் நடந்த 2018ஆம் ஆண்டு ஆய்வில், எண்ணங்களைச் சீரமைக்கும் உளச்சிகிச்சை அமர்வுக்குச் சற்று முன்பு, நெற்றிப் புறணியின் வலது மேற்புறத்தில் மெதுவான காந்தத் துடிப்புகள் தரப்பட்டன. அதுவும் போலித் தூண்டலைவிடக் கூடுதல் பயன் தந்தது. ஆயினும் அங்கு இடமும் வேறு, சிகிச்சையும் வேறு.

இதுவரையிலான சான்றுகளில் மிகவும் ஒத்திசைவானது அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் நோவா ஃபிலிப் குழுவினர் நடத்தி 2024இல் வெளியிட்ட சோதனை. போர்க்களத்தில் நோயுற்ற 54 முன்னாள் படைவீரர்கள், கணினி உருவாக்கிய போர்க்களச் சாலையில் பயணம் செய்தனர். அப்பயணத்தின்போதே 2 மில்லி ஆம்பியர் நேர்மின்னோட்டம் 25 நிமிடம் நெற்றிப் புறணியின் உள்கீழ்ப் பகுதியை நோக்கிச் செலுத்தப்பட்டது. இரண்டு, மூன்று வாரங்களில் ஆறே அமர்வுகள். போலி மின்னோட்டம் பெற்றவர்களும் தேறினர். உண்மை மின்னோட்டம் பெற்றவர்களிடம் ஒரு மாதம் கழித்து அறிகுறிகள் மேலும் குறைந்திருந்தன. அமர்வுக்கு அமர்வு தோலின் வியர்வை எதிர்வினையும் அவர்களிடம் விரைந்து அடங்கியது. சிகிச்சை முடிந்த பின்னும் பயன் நீடித்தது, பாதுகாப்பு பற்றிய புதிய நினைவு ஊன்றுவதற்கு உதவி கிடைத்ததாகக் கருத இடம் தருகிறது. ஆனால் 54 பேர் சிறு தொகை; அனைவரும் போரில் பங்கேற்றவர்கள். வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்கும் விபத்தில் தப்பியவர்களுக்கும் இம்முடிவை அப்படியே பொருத்த முடியாது.

கழுத்தில் கருவி பதித்து வேகஸ் நரம்பைத் தூண்டியபடி நீடித்த எதிர்கொள் சிகிச்சை தந்த டெக்சஸ் குழு, பங்கேற்ற ஒன்பது பேரும் நோய்வரையறையிலிருந்து வெளியேறி ஆறு மாதம்வரை அவ்வாறே இருந்ததாக 2025இல் அறிவித்தது. வியப்பூட்டும் முடிவுதான். ஒப்பீட்டுக் குழு இல்லாததால் அதன் எடையை இப்போது நிறுக்க இயலாது.

கற்றலுக்கு ஊக்கம் தரும் எதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. டி-சைக்ளோசெரின் என்ற மருந்து உயரத்துக்கு அஞ்சுவோரிடம் எதிர்கொள் சிகிச்சையின் பயனைக் கூட்டுவதாக 2004இல் காட்டப்பட்டது. ஆனால் 2012இல் வெளியான ஆய்வில், ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களிலிருந்து திரும்பிய வீரர்களுள் அம்மருந்து பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் குறைவாகவே தேறினர். அமர்வில் அச்சம் தணிந்தால் தணிவு ஊன்றும். தணியாமல் போனால் அச்சமே ஊன்றும் என்பது இதற்கான ஏற்கத்தக்க விளக்கம். மின்னோட்டத்துக்கும் இந்நியாயம் பொருந்தும். அமர்வைச் செம்மையாக நடத்தத் தெரியாதவர் கையில் தூண்டல் கருவி தீங்கும் செய்யலாம்.

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் காந்தத் தூண்டலை 2008இல் மனச்சோர்வுக்கும், 2018இல் எண்ணச் சுழற்சி நோய்க்கும் அனுமதித்தது. பின்னதில், ஒவ்வொரு அமர்வுக்கும் முன் நோயாளியின் அறிகுறியை வேண்டுமென்றே கிளர்த்துவது சிகிச்சையின் ஒரு பகுதியாகவே அமைந்தது. இத்தகைய இணைப்பு போர் அதிர்ச்சிக்கும் பயன்படுமா என அறிய, எதிர்கொள் சிகிச்சை மட்டும், தூண்டல் மட்டும், இரண்டும் ஒரே வேளையில், இரண்டும் வெவ்வேறு வேளையில் என நான்கு குழுக்களை ஒப்பிடும் பெரிய சோதனை இத்துறைக்கு இன்றியமையாதது. அதுவரை, பயிற்சி பெற்ற உளமருத்துவர் தரும் எதிர்கொள் சிகிச்சையே நோயாளிக்கு முதலில் கிடைக்க வேண்டும். அதை விடுத்துத் தூண்டலை மட்டும் தருவதை இன்றுள்ள சான்றுகள் நியாயப்படுத்தவில்லை.