மாற்றி விசைகள்

மாற்றி விசைகள் என்பவை, தனித்து எழுத்து எதையும் தராமல், உடன் அழுத்தப்படும் மற்றொரு விசையின் பயனை மாற்றும் கணினி விசைகள் ஆகும். ஷிப்ட், கண்ட்ரோல், ஆல்ட் ஆகியன இவ்வகையைச் சேர்ந்தவை.

தமிழ் உள்ளீட்டில்

1999 இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் ஜ, ஷ, ஸ, ஹ முதலிய கிரந்த எழுத்துகள் ஷிப்ட் விசையுடன் பெறப்படுகின்றன. ரோமன் எழுத்துவழி உள்ளீட்டில் ஒரே விசை தனித்து லகரத்தையும், ஷிப்டுடன் ளகரத்தையும் தரும். மென்பொருள் ஷிப்டைக் கவனிக்கத் தவறினால் 'பள்ளி' என்பது 'பல்லி' ஆகிவிடும்.

கண்டறியும் முறை

விசை அழுத்தப்பட்டதையும் விடப்பட்டதையும் மென்பொருள் தானே குறித்துவைப்பது பிழைக்கு இடமளிக்கும். பயனர் வேறு சாளரத்திற்கு மாறியபின் விசையை விட்டால் அச்செய்தி மென்பொருளை அடையாது. விசை அழுந்தியே இருப்பதாக அது கருதும். எனவே ஒவ்வொரு விசை நிகழ்வின்போதும் இயங்குதளம் தெரிவிக்கும் நிலையையே படித்தல் வேண்டும்.

இயங்குதள வேறுபாடுகள்

நகலெடுக்க விண்டோஸ், லினக்ஸ் இயங்குதளங்களில் பொதுவாகக் கண்ட்ரோல் விசையும், மாக் கணினியில் கமாண்ட் விசையும் பயன்படுகின்றன. இதனால், பல இயங்குதளங்களுக்கும் பொதுவான கியூட் நிரலாக்கச் சட்டகம் மாக் கணினியின் கமாண்ட் விசையை இயல்பாகக் கண்ட்ரோல் என்றே நிரலுக்குத் தெரிவிக்கிறது.