காலால் மிதித்து எடுத்த மின்சாரம்



சைக்கிள் டைனமோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மிதித்தால் விளக்கு எரியும், நின்றால் அணைந்துபோகும். இந்தத் துளி மின்சாரத்தால் என்ன ஆகும் என்று தோன்றும். ஆனால் ஆஸ்திரேலியாவில் இது உயிர் காக்க உதவியிருக்கிறது. அந்தக் கதையைக் கேளுங்கள்.

அந்த நாட்டின் உட்பகுதியில் மாட்டுப் பண்ணைகள் மிகப் பெரியவை. ஒரு பண்ணை வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் பல மைல் தூரம். 1917-ல் ஹால்ஸ் கிரீக் பக்கம் ஜிம்மி டார்சி என்ற மாட்டுக்காரருக்குப் பலத்த காயம். கிட்டத்தில் டாக்டர் இல்லை. வெகுதூரத்திலுள்ள பெர்த் நகரத்து டாக்டர் தந்தியில் சொல்லச் சொல்ல, தபால் அதிகாரியே பேனாக்கத்தியால் ஆபரேஷன் செய்தார். டாக்டர் நேரில் வந்து சேர்வதற்கு முந்தின நாள் டார்சி இறந்துபோனார்.

ஜான் ஃபிளின் என்ற பாதிரியாரின் முயற்சியால் 1928-ல் குளோன்கரி என்ற ஊரில் விமான டாக்டர் சேவை தொடங்கியது. விமானம் தயார், டாக்டரும் தயார். ஆனால் பண்ணையிலிருந்து அவரைக் கூப்பிடுவது எப்படி? தந்திக் கம்பி இல்லை, மின்சாரமும் இல்லை. பேட்டரியோ கனம், தீர்ந்துபோனால் அந்தக் காட்டில் என்ன செய்வது?

இதற்கு வழி கண்டவர் அடிலெய்டு நகரத்து ஆல்ஃபிரட் டிரேகர். முதலில் கையால் சுற்றும் ஜெனரேட்டர் செய்து பார்த்தார். ஒரு கையால் சுற்றிக்கொண்டே மறு கையால் தந்தி அடிப்பது பெரும்பாடாகப் போயிற்று. அப்புறம்தான் காலுக்கு வேலை கொடுத்தார். சைக்கிள் பெடல் வைத்து மிதித்தால் ஏறக்குறைய 20 வாட் கிடைத்தது. கை இரண்டும் ஓய்வாக இருந்தன. 1929-ல் முதல் கருவி அகஸ்டஸ் டவுன்ஸ் பண்ணைக்குப் போயிற்று. தந்தி பாஷை தெரியாதவர்களுக்காக டைப்ரைட்டர் மாதிரி எழுத்துக்கட்டையும் செய்து கொடுத்தார். பிற்பாடு வாயால் பேசவே வசதி வந்தது.

இப்போது ஒரு கணக்குப் போடுவோம். ஓர் ஆள் விடாமல் மிதித்தால் சுமார் 75 வாட் வரும். 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 3,700 வாட்டுக்கு மேல் வேண்டும். ஐம்பது பேர் சேர்ந்து மிதிக்கணும்! ஆகவே கிணறு இறைக்க இது உதவாது. ஆனால் டாக்டரைக் கூப்பிட 20 வாட்டே போதுமாக இருந்தது.

டிரேகர் செய்த கெட்டிக்காரத்தனம் அதுதான். இருக்கிற சக்தியை அளந்தார், அதற்குத் தகுந்த வேலையைக் கொடுத்தார். நம் தோட்டத்துக்கு மோட்டார் வாங்கும்போதும், பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்து வாங்காமல், கிணற்றின் ஆழத்தையும் ஊற்றையும் அளந்து வாங்குங்கள்.