மின்சாரச் சங்கிலி வாளின் சரித்திரம்

மரத்தை வெட்டி வீழ்த்துதல் ஒரு தொழில். வீழ்ந்த மரத்தைப் பலகையாக அறுத்தெடுத்தல் வேறொரு தொழில். பின்னது மனிதனின் முதுகெலும்பையே விலையாகக் கேட்பது. குழி தோண்டி, அதன்மேல் மரத்தைக் கிடத்தி, ஒருவன் மேலும் ஒருவன் கீழுமாக நின்று நீண்ட வாளை இழுத்தறுக்கும் முறை நம் நாட்டிலும் ஐரோப்பாவிலும் நெடுங்காலம் வழங்கிற்று. குழிக்குள் நின்றவன் கண்ணிலும் மூச்சிலும் மரத்தூள் விழுந்த வண்ணமிருக்கும். அம்மனிதனை நினைவிற் கொண்டே இவ்யந்திரத்தின் சரித்திரத்தை நாம் ஆராய்தல் வேண்டும்.

வட்ட வாளுக்கு 1777இல் சாமுவேல் மில்லரும், பட்டை வாளுக்கு 1808இல் வில்லியம் நியூபெரியும் இங்கிலாந்தில் உரிமைச் சாசனம் பெற்றனர். இவ்வாட்கள் பின்னர் ஆலைகளில் நிலைபெற்றன. ஆயின், மரமே ஆலையை நாடிச் செல்ல வேண்டியதாயிற்று. பெருமரத்தை வண்டியேற்ற வகையற்ற எளிய குடியானவனுக்கு அவற்றால் விளைந்த பயன் சிறிதே.

1926இல் ஜெர்மனியில் ஆந்திரேயாஸ் ஷ்டீல் என்பவர் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி வாளைச் செய்தார். அஃது இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய பளுவுடையது. மறு ஆண்டில் எமில் லெர்ப் என்பவர் பெட்ரோலால் ஓடும் வாளை டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்தார். எனினும், சங்கிலியின் பற்கள் மரத்தைச் சுரண்டினவேயன்றிச் செதுக்கவில்லை. 1946இல் அமெரிக்காவின் ஓரிகன் நாட்டில் ஜோசப் காக்ஸ் என்னும் மரத்தொழிலாளி, ஒரு வண்டின் புழு தன் இரு தாடைகளால் இடமும் வலமுமாக மரத்தைக் குடைந்து செல்வதைக் கண்டார். அதனைப் பின்பற்றி அவர் அமைத்த பற்களே இன்றைய சங்கிலிக்கு மூலமாயின. சிறு புழுவும் ஆசிரியனாதல் வியப்பன்றோ!

ஆனால் குறுக்கறுப்பு வேறு, நெடுக்கறுப்பு வேறு. குறுக்கே அறுக்கும் பல்லை 30 பாகை சாய்வில் தீட்டுவர். பலகைக்கு நெடுக அறுக்கும் பல்லை 10 பாகை அளவிலேயே தீட்டுவர். பின்னது மெதுவாகச் செல்லினும், பலகையின் முகம் வழவழப்பாக அமையும். மரத்தை அசையாது கிடத்தி, வாளைத் தண்டவாளம் போன்ற சட்டத்தின்மீது தள்ளிச் செல்லும் அமைப்பைச் சுவீடனில் 1989இல் தோன்றிய லோகோசோல் என்னும் கம்பெனி பரவச் செய்தது.

நெடுக்கறுப்பில் யந்திரம் ஓய்வின்றி முழுப் பலத்துடன் உழைக்க வேண்டும். மின்சார மோட்டாருக்குப் புகையில்லை, சத்தமும் குறைவு. ஆயின், நீண்ட மெல்லிய கம்பி வழியே மின்சாரத்தைக் கொண்டு சென்றால் அழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறும். தடித்த கம்பியே தக்கது.

இனி நஷ்டக் கணக்கையும் நோக்குவோம். பட்டை வாள் ஓர் அறுப்பில் சுமார் 2 மில்லிமீட்டர் மரத்தையே தூளாக்கும். சங்கிலி வாளோ சுமார் 8 மில்லிமீட்டர் தின்னும். பத்து அறுப்புக்கு 80 மில்லிமீட்டர் போயிற்று. அஃதாவது 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகை மூன்று குப்பையிற் சேர்ந்தன! நாள்தோறும் அறுப்பவனுக்கு இது பொறுக்கலாகாத இழப்பு. தோட்டத்தில் வீழ்ந்த ஓரிரு மரத்தை அவ்விடத்திலேயே பலகையாக்க விரும்புவோனுக்கோ, வண்டிக்கூலியை எண்ணுமிடத்து இதுவே இலாபம்.

குழியினின்று மனிதனைக் கரையேற்றிய யந்திரம் இது. அதற்குக் கூலியாக மூன்று பலகை கேட்கிறது. கொடுக்கத் தகுமா என்பதை, நம் அன்பர்கள் தத்தம் மரத்தை அளந்து முடிவு செய்வார்களாக.